பாராட்டு மட்டும் அச்சான கடிதம்

கட்டடக் கலையையும் உள் அலங்காரத்தையும் பற்றி வெளிவரும் மாத இதழ் ஒன்றுக்கு நான் எழுதிய நீண்ட கடிதம், வாசகர் பக்கத்தில் இரண்டே வரிகளாக வெளிவந்தது. அட்டைப்படக் கட்டுரையில் இடம்பெற்ற வீட்டின் படங்கள் மிக அழகாக இருந்தன என்றும், வெளிச்சத்தை அந்தக் கட்டடக் கலைஞர் கையாண்ட விதம் என்னைக் கவர்ந்தது என்றும் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகள்தாம் அச்சாகியிருந்தன. மனமார எழுதியவை என்பதால் அவற்றை இன்றும் நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததே அவற்றுக்குப் பின்னால் வந்த பகுதிக்காகத்தான். இடப் பற்றாக்குறையால் கடிதங்களைச் சுருக்குவது ஆசிரியர் குழுவின் உரிமை. நடுவில் சில பத்திகளை வெட்டியிருந்தால் அது என் மனத்தில் இவ்வளவு காலம் நின்றிருக்காது. கேள்விகள் அனைத்தையும் நீக்கிவிட்டுப் பாராட்டை மட்டும் விட்டுவைத்ததில் ஒரு தீர்மானம் தெரிந்தது. வாசகர் பக்கம் எதற்காக இருக்கிறது என்பதைப் பற்றிய தீர்மானம் அது.

நான் கேட்டவை எளிய கேள்விகள். வரவேற்பறையிலிருந்து மேல்தளத்துக்குச் செல்லும் படிகள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகளாக அமைந்திருந்தன. பக்கவாட்டில் கைப்பிடி இல்லை. அந்த வீட்டில் மூன்று தலைமுறையினர் வாழ்வதாகக் கட்டுரை சொன்னது. அப்படியானால் குழந்தைகளும் முதியவர்களும் அந்தப் படிகளில் எப்படி ஏறி இறங்குகிறார்கள்? இரண்டு தள உயரத்துக்கு எழுப்பப்பட்ட கண்ணாடிச் சுவர் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது? வீட்டின் பிளான் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் வடக்கு குறிக்கப்படவில்லை, அளவுகோலும் இல்லை. திசை தெரியாத பிளானை வைத்துக்கொண்டு மாலை வெயில் எந்த அறையில் விழும் என்று வாசகரால் கணிக்க முடியாது. அளவு தெரியாவிட்டால், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருவர் நடந்து செல்ல இடம் இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. அந்த உயரமான கண்ணாடியை யார், எதில் ஏறி நின்று துடைக்கிறார்கள்? எந்தச் சுவரிலும் சுவிட்ச் ஏன் தென்படவில்லை? குற்றம் காணும் நோக்கத்தில் இவற்றைக் கேட்கவில்லை. அந்த வீட்டைப் பார்த்து ஏதேனும் ஒரு யோசனையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் எவருக்கும் முதலில் தேவைப்படும் விவரங்கள் இவை.

பின்னர் வந்த இதழ் ஒன்றில் வாசகர் கருத்துப் படிவம் ஒன்றை இணைத்திருந்தார்கள். எந்தப் பகுதி மிகவும் பிடித்திருக்கிறது, தாளின் தரம் திருப்தி அளிக்கிறதா, எழுத்தின் அளவு போதுமா, வீட்டில் எத்தனை பேர் இதழைப் படிக்கிறார்கள், வரும் ஆண்டில் சமையலறையையோ குளியலறையையோ புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள். விளம்பரதாரர்களிடம் காட்டுவதற்கு இத்தகைய விடைகள் தேவைப்படும் என்பது புரிகிறது. விளம்பரம் இல்லாமல் இவ்வளவு தரமான அச்சில் ஓர் இதழ் நிலைக்காது. நான் தேடிய கேள்வி மட்டும் அதில் இல்லை. இந்த இதழில் கண்ட எதையேனும் உங்கள் வீட்டில் செய்து பார்த்தீர்களா, செய்திருந்தால் அது எப்படி உழைக்கிறது என்று ஒரு வரி கேட்டிருந்தால், அந்தப் படிவம் திரும்பி வரும்போது அந்த அலுவலகத்தில் ஓர் அறிவுக் களஞ்சியமே சேர்ந்திருக்கும்.

பொன்னேடும் புகார்க் கடிதமும்

இந்த இடைவெளி புதியதன்று. பாரிஸுக்கு அருகே புவாசியில் லெ கொர்பூசியே வடிவமைத்து 1931-இல் முடித்த சவோய் இல்லத்தை, கட்டடக் கலையில் ஆர்வமுள்ள அனைவரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். மெல்லிய தூண்களின் மேல் நிற்கும் வெண்ணிறப் பெட்டியும், நீளவாக்கில் ஓடும் சன்னல் வரிசையும், உள்ளே எழும் சாய்தளமும், தட்டைக் கூரையும் இருபதாம் நூற்றாண்டு வீட்டைப் பற்றிய கற்பனையையே மாற்றின. வீடு முடிந்த காலத்தில் லெ கொர்பூசியே உரிமையாளர்களுக்கு ஒரு யோசனை எழுதினார். கீழ்த்தள முகப்பில் உள்ள மேசையின் மேல் ஒரு பொன்னேட்டை வையுங்கள், வருகிறவர்கள் அனைவரும் தம் பெயரையும் முகவரியையும் அதில் எழுதட்டும், எவ்வளவு சிறந்த கையொப்பங்கள் சேர்கின்றன என்று பாருங்கள் என்பது அதன் சாரம். அதே வீட்டில் குடியிருந்த யூஜெனி சவோய் அம்மையார் 1936-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், முகப்புக் கூடத்தில் மழை பெய்கிறது, சாய்தளத்தில் மழை பெய்கிறது, வண்டிக் கொட்டகைச் சுவர் முழுவதும் நனைந்துவிட்டது என்று முறையிட்டார். குளியலறையின் கூரைக் கண்ணாடியில் மழை விழும் ஓசையால் தூங்க முடியவில்லை என்பதும் அவர் குறைகளில் ஒன்று. அடுத்த ஆண்டில், இது குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்றே எழுதினார்.

ஒரே வீட்டைப் பற்றி இரண்டு வகைக் கருத்துகள் சேர்ந்துகொண்டிருந்தன. வந்து பார்த்துவிட்டுச் சென்றவர்களின் வியப்பு ஒருபுறம், தங்கி வாழ்ந்தவர்களின் ஈரம் மறுபுறம். இரண்டுமே உண்மைதாம். சவோய் இல்லம் மாபெரும் படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒழுகும் கூரையால் அதன் வடிவச் சிந்தனை சிறுமைப்பட்டுவிடாது. ஆனால் படங்கள் உலகெங்கும் பரவிய வேகத்தில் அந்தக் கடிதங்கள் பரவவில்லை. தட்டைக் கூரையைப் படத்தில் பார்த்து மயங்கிய எத்தனையோ கட்டடக் கலைஞர்களுக்கு, நீர் வடியும் சரிவையும் கூரை விளிம்பின் இணைப்பையும் பற்றிய அந்த அம்மையாரின் புகார் உரிய காலத்தில் கிடைத்திருந்தால், அது அவர்கள் பெற்ற மிகப் பயனுள்ள வாசகர் கடிதமாக இருந்திருக்கும்.

குடியிருப்பவரின் குரலை ஓர் இதழ் உரக்க ஒலித்த சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்காவின் 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' இதழின் ஆசிரியர் எலிசபெத் கோர்டன் 1953 ஏப்ரலில், கண்ணாடியும் எஃகுமான நவீன வீடுகளைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அதைத் தொடர்ந்து, மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கண்ணாடி வீட்டின் உரிமையாளரான மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்தின் பேச்சும் அதே இதழில் வெளிவந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குப்பைக் கூடையைக்கூடத் தான் வைப்பதில்லை என்றார் அவர். வீட்டுக்கு வரும் வழியிலிருந்தே சமையலிடம் முழுவதும் தெரியும், அந்தக் கூடை வீட்டின் தோற்றத்தையே கெடுத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். கோர்டனின் கட்டுரை அந்தக் காலத்து அரசியல் அச்சத்தையும் கூடவே கலந்தது; ஒரு வடிவமைப்புப் பாணியைச் சர்வாதிகாரத்தின் முன்னோடியாகச் சித்திரித்தது மிகை என்றே கருதுகிறேன். அந்த முழக்கம் இன்று பழையதாகிவிட்டது. குப்பைக் கூடையைப் பற்றிய அந்தப் பேச்சோ இன்றும் பழையதாகவில்லை. திறந்த சமையலறையைத் திட்டமிடும் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது.

படம் எங்கிருந்து வருகிறது

என் கடிதம் ஏன் அப்படி வெட்டப்பட்டது என்பதைக் கோபமின்றி யோசித்தபோது, இதழ்கள் இயங்கும் முறையைக் கணக்கில் எடுக்காமல் பேசுவது நியாயமாகாது என்று தோன்றியது. ஒரு புதிய வீட்டைப் படமெடுக்கத் தேர்ந்த ஒளிப்படக் கலைஞருக்குக் கணிசமாகச் செலவாகும். பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்பவர் கட்டடக் கலைஞர்தான். படங்கள் இதழுக்கு ஆயத்தமாக வந்து சேர்கின்றன. அந்த வீட்டை முதலில் வெளியிடும் உரிமைக்காக இதழ்கள் போட்டியிடுகின்றன. வீட்டுக்காரர் தன் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். தரை ஓடு, குழாய், விளக்கு ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்கள் பக்கத்துப் பக்கத்தில் விளம்பரம் தந்திருக்கின்றன. இத்தனை பேரின் நல்லெண்ணத்தில் நிற்கும் ஓர் ஆசிரியர், கைப்பிடி எங்கே என்று கேட்கும் கடிதத்தை அச்சிட்டால், அந்தக் கட்டடக் கலைஞரின் அடுத்த வீடு வேறோர் இதழுக்குப் போய்விடக்கூடும். இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல முடியாது.

படம் எடுக்கும் முறையும் இதில் சேர்கிறது. வைடு ஆங்கிள் லென்ஸ் சிறிய அறையையும் பரந்த கூடமாகக் காட்டும். கேமராவை நின்று பார்ப்பவரின் கண் மட்டத்துக்குக் கீழே, இடுப்பளவிலோ மார்பளவிலோ வைத்தால் அறைக்கலன்களும் கூரையும் ஒழுங்காக அமைந்துவிடும். சன்னலுக்கு வெளியே தெரியும் வானத்துக்கு ஒரு படம், உள்ளே இருக்கும் நிழலுக்கு ஒரு படம் என்று தனித்தனியே எடுத்து ஒன்றாக்கினால், கண்ணால் ஒரே நேரத்தில் காண முடியாத வெளிச்சம் உருவாகும். அந்தி நேரத்தில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு எடுத்தால் கண்ணாடி வீடு பொன்னாக ஒளிரும். இவை ஏமாற்று வேலைகள் அல்ல. ஒளிப்படக் கலையின் நேர்மையான நுட்பங்கள். ஆனால் இவற்றின் கூட்டு விளைவாக, குடியேறுவதற்கு முந்தைய ஒரு நாளின் வீடுதான் அச்சில் நிலைத்துவிடுகிறது. 2000-இல் தொடங்கப்பட்ட 'டுவெல்' இதழின் முதல் ஆசிரியர் கேரி ஜேக்கப்ஸ், தம் முதல் இதழில் எழுதிய பிரகடனத்துக்குப் பழக் கிண்ணத்தின் பெயரையே வைத்தார். அளவெடுத்து அடுக்கிய பழங்களோடு ஆளில்லாமல் நிற்கும் மேசைகளை விட்டுவிட்டு, மனிதர்கள் வாழும் வீடுகளைக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். துறைக்குள் இருப்பவர்களுக்கே இந்தச் சலிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாசகர்களாகிய நாம் எப்போதும் உண்மையின் பக்கம் நிற்கிறோம் என்றும் சொல்ல முடியாது. லண்டனிலிருந்து வெளிவரும் 'ஆர்க்கிடெக்சுரல் ரிவ்யூ' இதழ் 1969-70-இல் 'மேன்பிளான்' என்ற தொடரை வெளியிட்டது. செய்தி ஒளிப்படக் கலைஞர்களை அனுப்பி, கட்டடங்களையும் தெருக்களையும் மக்கள் உண்மையில் பயன்படுத்தும் நிலையில், இருண்ட கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து அச்சிட்டார்கள். நெரிசலும் சலிப்பும் பராமரிப்பில்லாத குடியிருப்புகளும் பக்கம் பக்கமாக வந்தன. அந்த இதழை வாங்கியவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எட்டு இதழ்களோடு தொடர் நின்றது. அழகான படங்களைத்தான் வாசகர்கள் விரும்புகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லும்போது, அவர்கள் அனுபவத்திலிருந்தே பேசுகிறார்கள். களைத்து வீடு திரும்பிய ஒருவர், ஒழுங்கான அறைகளின் படங்களைப் புரட்டி மன அமைதி பெறுவதில் குறை காண நான் யார்? நானும் அப்படிப் புரட்டியிருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வி என்னிடம் நெடுநாள் முடிவின்றியே இருந்தது. ஒருவேளை இந்த இதழ்களிடம் நான் எதிர்பார்ப்பது அவை தருவதாகச் சொல்லாத ஒன்றோ என்றும் எண்ணினேன்.

அந்த நாற்காலி

அந்த எண்ணத்தை மாற்றியது, இதழில் வெளிவந்த வேறொரு வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. அந்தக் குடும்பத்தை எனக்கு அறிமுகப்படுத்திய நண்பர், அது அச்சில் வந்த வீடு என்பதை முன்பே சொல்லியிருந்தார். நானும் அந்த இதழைப் பார்த்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் அடையாளம் தெரியாமல் ஒரு கணம் நின்றேன். கூடம் படத்தில் கண்டதைவிடச் சிறியதாகவும், அதனாலேயே அணுக்கமாகவும் இருந்தது. படத்தில் இல்லாத கைப்பிடி படிக்கட்டில் இருந்தது. படமெடுத்து முடிந்த பிறகு பொருத்தினார்கள் என்றார் வீட்டுக்காரர். சன்னலோரத்தில், உயரமான கைகளும் கெட்டியான மெத்தையும் கொண்ட பழைய நாற்காலி ஒன்றில் அவருடைய தாயார் அமர்ந்திருந்தார். அந்த நாற்காலியும் படத்தில் இல்லை. அதே இடத்தில் தாழ்வான சோபா ஒன்று இருந்ததாக எனக்கு நினைவு. அந்தச் சோபா படப்பிடிப்புக்காகக் கொண்டுவரப்பட்டு மறுநாளே திரும்பிச் சென்றுவிட்டது என்று அறிந்தேன். நாற்காலி, துணி உலர்த்தும் கம்பிச் சட்டம், காலணி அடுக்கு, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பின்னறை ஒன்றில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்த அறையிலேயே அந்த அம்மாவும் அன்று பகல் முழுவதும் இருந்திருக்கிறார்.

அவரிடம் கசப்பு எதுவும் இல்லை. மகனின் வீடு புத்தகத்தில் வந்ததில் அவருக்குப் பெருமைதான். அந்த இதழைப் பத்திரமாக வைத்திருந்து எனக்கு எடுத்துக் காட்டினார். சோபா இருந்த படத்தின் மேல் விரலை வைத்து, "இதுல உக்காந்தா என்னால எழுந்திரிக்க முடியாது தம்பி, இந்த நாற்காலின்னா ரெண்டு கையையும் ஊன்றி நானே எழுந்துடுவேன்" என்றார். பிறகு அந்த வீட்டைப் பற்றித் தொடர்ந்து பேசினார். கழிவறைக்குப் போகும் வழியில் தரை ஓர் அங்குலம் இறங்குவதை இரவில் கண் கவனிக்காது என்றார். சன்னலின் அடிப்பகுதி தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதால் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவர்களைப் பார்க்க முடிகிறது, அதைச் செய்து கொடுத்த அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞரை வாழ்த்தினார். மேல்தளத்துக்குத் தாம் போயே பல மாதங்கள் ஆகின்றன என்பதையும் குறையாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னார். இதழிலிருந்து வந்தவர்கள் உங்களிடம் ஏதேனும் கேட்டார்களா என்றேன். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் வீட்டைப் பற்றித் தம்மிடம் எதுவும் கேட்கவில்லை என்றார்.

அந்த உரையாடல் முழுவதும் ஒரு தேர்ந்த விமர்சகரின் பேச்சாகவே எனக்குப் பட்டது. பாராட்டு இருந்தது, குறை இருந்தது, இரண்டுக்கும் காரணம் இருந்தது. நாற்காலியின் கை எந்த உயரத்தில் இருந்தால் முதியவர் துணையின்றி எழ முடியும், சன்னலின் அடிவிளிம்பு எங்கே நின்றால் அமர்ந்திருப்பவருக்கு வெளியுலகம் தெரியும் என்பவை உள் அலங்காரத்தின் மையமான செய்திகள். ஒரு வடிவமைப்பாளர் தன் அடுத்த வீட்டில் அப்படியே பயன்படுத்தக்கூடியவை. சன்னலின் அடிவிளிம்பைத் தாழ்த்திய அந்தக் கட்டடக் கலைஞருக்கு உண்மையில் சேர வேண்டிய பாராட்டு அதுதான். அந்தக் கட்டுரையில் அவரைப் பற்றி எழுதியிருந்த அலங்காரச் சொற்கள் எவையும் அந்தச் சன்னலைக் குறிப்பிடவில்லை. வாசகர் கருத்தை வெட்டுவதால் கட்டடக் கலைஞர் காப்பாற்றப்படுகிறார் என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். அவரும் இழக்கிறார் என்பது அன்றுதான் விளங்கியது.

திரும்பிச் சென்று பார்ப்பது

இது இயலாத காரியமா? கட்டடங்களுக்கான இயந்திர, மின் அமைப்புகளைப் பற்றிய பிரிட்டிஷ் தொழில்முறை இதழான 'பில்டிங் சர்வீசஸ் ஜர்னல்' 1995 முதல் 2002 வரை 'ப்ரோப்' என்ற ஆய்வுத் தொடரை வெளியிட்டது. புதிதாகத் திறக்கப்பட்டபோது கவனம் பெற்ற அலுவலகங்கள், கல்விக் கட்டடங்கள் முதலியவற்றுக்குச் சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிச் சென்றார்கள். மின்சாரமும் எரிவாயுவும் எவ்வளவு செலவாகின்றன என்று அளந்தார்கள், காற்றுக் கசிவைச் சோதித்தார்கள், உள்ளே வேலை செய்பவர்களிடம் வெப்பம், ஓசை, வெளிச்சம், வசதி பற்றி ஒரே மாதிரியான வினாத்தாளைக் கொடுத்து விடை பெற்றார்கள். கட்டடத்தின் பெயரோடு முடிவுகள் அச்சாயின. வடிவமைப்பின்போது கணித்ததைப் போல் இரு மடங்கு ஆற்றலைச் செலவிடும் கட்டடங்கள் அரிதல்ல என்றும், பயனாளர்களுக்குப் புரியாத தானியங்கிக் கட்டுப்பாடுகள் தொல்லையாகிவிடுகின்றன என்றும் தெரியவந்தது. தங்கள் கட்டடத்தைப் பற்றிய இத்தகைய முடிவுகளை வெளியிட அந்த வடிவமைப்பாளர்களும் உரிமையாளர்களும் இசைந்தார்கள் என்பதைத்தான் நான் மிகப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

கட்டடக் கலைஞர்களின் தொழில் நடைமுறையிலேயே இதற்கு ஓர் இடம் இருந்தது. பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகம் 1963-இல் வகுத்த பணித் திட்டத்தில், கட்டி முடித்த பின் திரும்பிச் சென்று அறிவது கடைசிக் கட்டமாக இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. அதற்கான ஊதியத்தை யார் தருவது என்பது தீராத சிக்கல். 2013-இல் திருத்தப்பட்ட திட்டத்தில் 'பயன்பாட்டில்' என்ற பெயரோடு ஏழாம் கட்டமாக மீண்டும் இடம்பெற்றது. யாரும் ஊதியம் தராத அந்த வேலையை ஓரளவுக்கேனும் செய்யக்கூடிய இடம் வாசகர் பக்கம் என்று நான் நம்புகிறேன். அதற்குக் கருவிகள் தேவையில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அட்டையில் வந்த வீட்டின் ஓர் அறையை, அதே கோணத்திலிருந்து, எதையும் நகர்த்தாமல் மீண்டும் படமெடுத்து, அதன் கீழே குடியிருப்பவர் சொல்லும் சில பத்திகளை அச்சிட்டால் போதும். மெருகு போன மரத்தரை, மாற்றி வைத்த விளக்கு, புதிதாக முளைத்த திரை ஆகிய ஒவ்வொன்றும் வாசகருக்குப் பாடமாகும்.

வாசகர்களுக்கும் இதில் கடமை உண்டு. "அருமை", "மிகவும் பயனுள்ள இதழ்" என்று எழுதினால் ஆசிரியருக்கும் அதற்கு மேல் அச்சிட எதுவும் கிடைக்காது. எந்த இதழில் எந்த யோசனையைக் கண்டோம், எந்தப் பொருளில் செய்தோம், எவ்வளவு காலம் கழித்து எங்கே பிளந்தது அல்லது எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று எழுதினால், அதைச் சுருக்குவது எளிதாக இருக்காது. இயல்பான தயக்கம் ஒன்றும் உண்டு: தம் வீட்டைப் பற்றிய குறையைச் சொந்தப் பெயரில் சொல்ல எவரும் கூசுவார்கள், வடிவமைத்தவரோடு நட்பு தொடர்ந்தால் இன்னும் கூடுதலாகக் கூசுவார்கள். பெயரை வெளியிடாமல் அச்சிடுவதாக இதழ் உறுதி அளித்து, அதே பக்கத்தில் வடிவமைப்பாளர் விளக்கம் தரவும் இடம் ஒதுக்கினால் அந்தத் தயக்கம் பெருமளவு நீங்கும். இந்த ஏற்பாட்டை விவரித்து அதே இதழுக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். இம்முறை பாராட்டைக் கடிதத்தின் நடுவில், அந்தச் சன்னலைப் பற்றிய பத்தியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.